ஹெல்ம் சார்ட்டில் சிஆர்டி: நிறுவுதல் முதல் நீக்குதல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பல இயந்திரங்களை ஒரே கிளஸ்டராக இணைத்துச் செயலிகளை ஓட்டும் தளம் குபெர்னெட்டிஸ்; அதில் செயலிகளை நிறுவும் கருவி ஹெல்ம், ஹெல்ம் நிறுவும் பொதி சார்ட். அப்படி ஓர் ஆபரேட்டரின், அதாவது ஒரு செயலியைத் தானாக நிர்வகிக்கும் நிரலின், சார்ட்டைப் புதிய பதிப்புக்கு அப்கிரேட் செய்தேன். ஹெல்ம் வெற்றி என்று சொன்னது; பாட் புதிய இமேஜுடன் ஓடத் தொடங்கியது. அந்தப் பதிப்பில் புதிதாக வந்திருந்த ‘ரிட்டென்ஷன் டேஸ்’ என்ற புலத்தை எங்கள் ‘பேக்கப் பிளான்’ ஆப்ஜெக்டில் எழுதி, நாங்களே எழுதிய சிறு நிரல் ஒன்றின் வழியாகக் கிளஸ்டருக்கு அனுப்பினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் அதே ஆப்ஜெக்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது நான் சேர்த்த வரி மட்டும் அதில் இல்லை. அரை நாள் முழுவதும் ஆபரேட்டரின் லாகுகளில் தேடினேன். தவறு ஆபரேட்டரில் இல்லை; சிஆர்டியில், அதாவது அந்த வகை ஆப்ஜெக்டில் எந்தப் புலங்கள் இருக்கலாம் என்று கிளஸ்டருக்குச் சொல்லும் வரையறையில், இருந்தது. சார்ட் புதிதாகியிருந்தது, கிளஸ்டரில் இருந்த சிஆர்டி பழையதாகவே இருந்தது. பழைய ஸ்கீமாவில், அதாவது அனுமதித்த புலங்களின் விவரத்தில், இல்லாத புலத்தைக் கிளஸ்டரின் நுழைவாயிலான ஏபிஐ சர்வர் நீக்கிவிட்டு மீதியைச் சேமித்திருந்தது.

கஸ்டம் ரிசோர்ஸ் டெஃபினிஷன், அதாவது சிஆர்டி, சார்ட்டுக்குள் ஒரு யாம்ல் கோப்பாகப் பயணம் செய்தாலும் அது அந்தச் செயலிக்குச் சொந்தமானதல்ல, கிளஸ்டருக்குச் சொந்தமானது. செயலியை ஒரு நாளில் பத்து முறை மாற்றலாம், முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம், அழித்துவிட்டு மீண்டும் நிறுவலாம். சிஆர்டியை அப்படிக் கையாள முடியாது. ஆகவே சார்ட் எழுதத் தொடங்கும் முன்பே, சிஆர்டியை நிறுவுவது யார், மேம்படுத்துவது யார், நீக்குவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் அந்த விடைகளை எட்டுவதற்கானவை. ஹெல்ம் 3 பதிப்பையும், ‘ஏபிஐ எக்ஸ்டென்ஷன்ஸ்’ குழுவின் வி1 வடிவத்தையும் அடிப்படையாக வைத்து எழுதுகிறேன்.

படி 1: சிஆர்டியின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

குபெர்னெட்டிஸ் 1.7 பதிப்பில், 2017ஆம் ஆண்டில், பழைய ‘தேர்ட் பார்ட்டி ரிசோர்ஸ்’ முறைக்கு மாற்றாக சிஆர்டி வந்தது. 1.16இல் அதன் வி1 வடிவம் நிலைபெற்றது. 2021இல் வந்த 1.22 பதிப்பு, வி1பீட்டா1 வடிவத்தை அடியோடு விலக்கியது. உங்கள் சார்ட்டில் இன்னும் வி1பீட்டா1 சிஆர்டி கிடந்தால் முதல் வேலை அதை மாற்றுவதுதான். வி1 வடிவத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் முழுமையான ஸ்கீமா கட்டாயம் என்பதால், பெயரை மட்டும் மாற்றி இந்த வேலையை முடித்துவிட முடியாது.

சார்ட் எழுதுபவர் எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டிய இயல்புகள் மூன்று. முதலாவது, சிஆர்டி எந்த நேம்ஸ்பேஸுக்கும், அதாவது கிளஸ்டருக்குள் பிரித்த எந்தத் தனிப் பகுதிக்கும், உட்பட்டதல்ல. அது விவரிக்கும் ஆப்ஜெக்டுகள் நேம்ஸ்பேஸுக்குள் இருக்கலாம், ஆனால் வரையறை கிளஸ்டர் முழுவதற்கும் ஒன்றுதான். ஒரே ஆபரேட்டரை இரண்டு நேம்ஸ்பேஸ்களில் இரண்டு வேறு பதிப்புகளில் நிறுவினால், இரண்டும் ஒரே சிஆர்டியைத்தான் பகிர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, சிஆர்டியை நீக்கினால் அந்த வகை ஆப்ஜெக்டுகள் அனைத்தும், எல்லா நேம்ஸ்பேஸ்களிலும், அதனுடன் சேர்ந்து அழியும். ஒரு தரவுத்தள ஆபரேட்டரின் சிஆர்டியைத் தவறுதலாக நீக்கினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்: தரவுத்தளங்களை விவரிக்கும் ஆப்ஜெக்டுகள் போகும், அவற்றுக்கு உரிமையாக இருந்த ஸ்டேட்ஃபுல்செட்டுகளும் சர்வீஸ்களும் பின்னாலேயே போகும், ஆபரேட்டர் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து வால்யூம்களும் போகலாம். இதற்கு ஒரே ஒரு கட்டளை போதும்.

மூன்றாவது, முன்னுரையில் நான் சொன்ன கத்தரிப்பு. ஸ்கீமாவில் இல்லாத புலங்களை ஏபிஐ சர்வர் சேமிப்பதில்லை. புதிய குபெர்னெட்டிஸ் பதிப்புகளில் இதற்கு ஓர் எச்சரிக்கை வரும், குபெக்டல் என்ற கட்டளைக் கருவி அதைப் பிழையாகவே காட்டி நிறுத்தும். ஆனால் எச்சரிக்கைகளைப் படிக்காத நிரல்களுக்கு எதுவும் தெரியாது. சேமித்ததைத் திரும்பப் படிக்கும்போதும் இதே கத்தரிப்பு நடக்கிறது. அதனால் சிஆர்டியைப் பழைய ஸ்கீமாவுக்குத் திருப்பினால், ஏற்கெனவே சேமித்த புதிய புலங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த ஆப்ஜெக்ட் அடுத்த முறை எழுதப்படும்போது அவை நிரந்தரமாக இழக்கப்படும்.

படி 2: ஹெல்ம் தானாக எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

ஹெல்ம் 2 காலத்தில் ‘சிஆர்டி இன்ஸ்டால்’ என்ற ஹூக், அதாவது நிறுவலின் குறிப்பிட்ட கட்டத்தில் செயல்படும் பணி, இருந்தது. 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3 அதைக் கைவிட்டு, சார்ட்டின் வேரில் ‘சிஆர்டிஸ்’ என்ற தனி ஃபோல்டரைக் கொண்டுவந்தது. இந்த ஃபோல்டரின் விதிகள் சிலவே, ஆனால் ஒவ்வொன்றையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஸ்டால் கட்டளையின்போது இந்த ஃபோல்டரில் உள்ளவை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கிளஸ்டருக்குச் செல்லும். அவை பதிவாகும் வரை ஹெல்ம் காத்திருந்து, தன்னிடமுள்ள ஏபிஐ பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டு, அதன் பிறகே டெம்ப்ளேட்டுகளை, அதாவது மதிப்புகளை நிரப்பி உருவாக்கும் மற்ற கோப்புகளை, அனுப்பும். இதனால் சிஆர்டியும் அந்த வகை ஆப்ஜெக்டும் ஒரே சார்ட்டில் இருந்தாலும் முதல் நிறுவல் தடையின்றி நடக்கும். அதே பெயரில் சிஆர்டி முன்பே இருந்தால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஹெல்ம் அதைத் தொடாமல் கடந்து போகும்.

அப்கிரேட் கட்டளை இந்த ஃபோல்டரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இருக்கும் சிஆர்டியில் மாற்றம் செய்யாது என்பது பலருக்கும் தெரியும். சார்ட்டின் புதிய பதிப்பில் புத்தம் புதிதாகச் சேர்க்கப்பட்ட சிஆர்டியைக்கூட நிறுவாது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அன்இன்ஸ்டால் கட்டளையும் சிஆர்டியைத் தொடுவதில்லை. மேலும், இந்த ஃபோல்டரில் டெம்ப்ளேட் மொழி செல்லாது. கோப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே போகும்.

இதைக் குறைபாடாகப் பலர் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஹெல்ம் எழுதியவர்கள் தரவு இழப்புக்கு அஞ்சி வேண்டுமென்றே எடுத்த முடிவு இது. ஒரு கருவிக்குப் பாதுகாப்பாகச் செய்ய முடியாத வேலையை அது செய்ய மறுப்பது சரியே. ஆனால் மறுக்கப்பட்ட அந்த வேலை சார்ட் எழுதியவரின் தலையில் வந்து விழுகிறது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படி 3: மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, மேலே சொன்ன சிஆர்டிஸ் ஃபோல்டர். இரண்டாவது, சிஆர்டிக்களுக்கென்றே தனி சார்ட் வைத்து, ஆபரேட்டரின் சார்ட்டை அதற்குப் பின் நிறுவுவது. மூன்றாவது, சிஆர்டியை மற்ற மேனிஃபெஸ்டுகளை (கிளஸ்டருக்கு அனுப்பும் யாம்ல் விவரங்களை) போலவே டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் வைத்து, ‘ரிசோர்ஸ் பாலிசி: கீப்’ என்ற ஹெல்ம் அனொட்டேஷனால் (ஆப்ஜெக்டில் ஒட்டும் கூடுதல் குறிப்பால்) நீக்கத்திலிருந்து காப்பது. சான்றிதழ்களை நிர்வகிக்கும் செர்ட்-மேனேஜர் இந்த மூன்றாவது வழியில் செல்கிறது. சிஆர்டியை நிறுவலாமா, அன்இன்ஸ்டாலுக்குப் பிறகும் வைத்திருக்கலாமா என்ற இரண்டையும் வேல்யூஸ் கோப்பில் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விடுகிறது.

என் பரிந்துரை இது. சிஆர்டி ஒன்றிரண்டுதான், அவை அரிதாகவே மாறும், சார்ட்டை நிறுவுபவரும் கிளஸ்டரை நிர்வகிப்பவரும் ஒருவரே என்றால் சிஆர்டிஸ் ஃபோல்டர் போதுமானது. ஒரே சிஆர்டியைப் பல குழுக்கள் பயன்படுத்துகின்றன, அல்லது செயலியை நிறுவும் குழுவுக்குக் கிளஸ்டர் அளவிலான அதிகாரம் கிடையாது என்றால் தனி சார்ட்டைத் தவிர வேறு வழியை நான் நாடமாட்டேன். சிஆர்டியை உருவாக்கக் கிளஸ்டர் அளவிலான அனுமதி வேண்டும், அந்த அனுமதியைப் பிளாட்ஃபார்ம் குழுவிடம் மட்டும் வைத்திருக்கத் தனி சார்ட் உதவுகிறது. சிஆர்டியின் உள்ளே நேம்ஸ்பேஸைப் பொறுத்து மாறும் மதிப்பு ஏதாவது இருந்தால், உதாரணமாக, ஆப்ஜெக்டை ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் கன்வெர்ஷன் வெப்ஹூக்கின் முகவரி இருந்தால், டெம்ப்ளேட் மொழி தேவைப்படும். அப்போது மூன்றாவது வழி, அல்லது அதே முறையில் அமைத்த தனி சார்ட் என்று போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழியில் ஒரு பெரிய தடை உண்டு. டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் சிஆர்டியையும் அந்த வகை ஆப்ஜெக்டையும் ஒன்றாக வைத்தால் முதல் நிறுவல் தோற்றுவிடும். ஹெல்ம் சிஆர்டியை முன்னால் வரிசைப்படுத்தத் தெரிந்ததுதான். ஆனால் எதையும் அனுப்பும் முன்பே எல்லா மேனிஃபெஸ்டுகளின் வகைகளையும் ஏபிஐ சர்வரிடம் சரிபார்க்கிறது. அந்த நேரத்தில் சிஆர்டி கிளஸ்டரில் இல்லை என்பதால், இந்த வகைக்குப் பொருத்தம் எதுவும் இல்லை, சிஆர்டியை முதலில் நிறுவுங்கள் என்ற பிழையுடன் நின்றுவிடும். ஆகவே இந்த வழியில் செல்பவர்கள் ஆப்ஜெக்டுகளைப் ‘போஸ்ட் இன்ஸ்டால்’ ஹூக்காகவோ வேறு சார்ட்டாகவோ பிரிக்க வேண்டும்.

படி 4: தனி சார்ட்டை அமைத்தல்

‘பேக்கப் பிளான்’ ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு சார்ட்டுகள் இருக்கும்: ‘பேக்கப் சிஆர்டிஸ்’, ‘பேக்கப் ஆபரேட்டர்’. சிஆர்டி கோப்புகளைக் கையால் எழுதாதீர்கள். கோ மொழியில் எழுதிய ஆபரேட்டர் என்றால் கன்ட்ரோலர்-ஜென் கருவி மூல நிரலிலிருந்தே அவற்றை உருவாக்கித் தரும். அதன் வெளியீட்டை அப்படியே சார்ட்டுக்குள் பிரதி எடுக்கும் படியை உங்கள் மேக்ஃபைலில் சேர்த்துவிடுங்கள். கையால் திருத்திய சிஆர்டியும் நிரலும் சில மாதங்களுக்குள் வேறுபட்டுவிடும்.

தனி சார்ட்டில் சிஆர்டியை எந்த ஃபோல்டரில் வைப்பது? மீண்டும் சிஆர்டிஸ் ஃபோல்டரிலேயே வைத்தால் அப்கிரேட் அதைத் தொடாது. தனி சார்ட் வைத்ததன் பயனே போய்விடும். எனவே டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிஆர்டியின் விளக்க உரைகளில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிகள் வரலாம். அலர்ட்டுகளுக்கான வார்ப்புருவை உதாரணமாகக் காட்டும் வரிகளில் இது சாதாரணம். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்கு வந்ததும் ஹெல்ம் அவற்றைத் தன் மொழியாகக் கருதி, வரையறுக்கப்படாத மாறி என்று சொல்லித் தோற்கும். ஒவ்வொரு இடமாகத் தப்புக்குறி போட்டுத் திருத்துவதை விட, சிஆர்டி கோப்புகளை ‘ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் வைத்து, டெம்ப்ளேட்டிலிருந்து ஹெல்மின் ஃபைல்ஸ் கெட் செயல்கூறு மூலம் அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. அவ்வாறு எடுக்கப்படும் உரையை ஹெல்ம் மறுபடி டெம்ப்ளேட்டாகப் படிப்பதில்லை.

கீப் அனொட்டேஷன் ஒவ்வொரு சிஆர்டியிலும் இருக்க வேண்டும். அதைக் குபெக்டல் மூலம் கிளஸ்டரில் உள்ள சிஆர்டியில் மட்டும் கையால் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்: அன்இன்ஸ்டால் செய்யும்போது ஹெல்ம் ஒவ்வொரு நிறுவலுக்கும் தான் வைக்கும் ரிலீஸ் பதிவில் சேமித்த மேனிஃபெஸ்டைத்தான் பார்க்கிறது, கிளஸ்டரில் உள்ளதை அல்ல. அனொட்டேஷன் சார்ட்டிலேயே எழுதப்பட்டு, ஒரு முறையாவது அப்கிரேட் வழியாகப் பதிவாகியிருந்தால்தான் அது காக்கும்.

அளவையும் கவனியுங்கள். ஹெல்ம் தன் ரிலீஸ் பதிவைச் சுருக்கி ஒரு சீக்ரெட்டில் வைக்கிறது. சீக்ரெட்டின் உச்ச அளவு 1 எம்ஐபி. டெம்ப்ளேட் வழியாகச் செல்லும் சிஆர்டி அந்தப் பதிவில் சார்ட்டின் பகுதியாக ஒரு முறையும் உருவாக்கப்பட்ட மேனிஃபெஸ்டாக இன்னொரு முறையும் இடம்பிடிக்கும். பெரிய சிஆர்டிக்கள் பல இருந்தால் இந்த எல்லை அருகில் வந்துவிடும். விளக்க உரைகளை உருவாக்கும் நேரத்திலேயே விலக்கிவிடும் தேர்வு கன்ட்ரோலர்-ஜென்னில் இருக்கிறது. அது அளவைப் பெருமளவு குறைக்கும், ஆனால் குபெக்டல் எக்ஸ்பிளெயின் கட்டளையைக் கொடுப்பவர்களுக்குப் புலங்களின் விளக்கம் கிடைக்காமல் போகும். எல்லையை நெருங்காத வரை விளக்கங்களை வைத்திருப்பதே பயனர்களுக்குச் செய்யும் மரியாதை.

படி 5: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் உரிமையை மாற்றுதல்

புதிய சார்ட் எளிது. பழைய சார்ட்டிலிருந்து சிஆர்டியை வெளியே எடுப்பதுதான் நடுக்கம் தரும் வேலை. அதில் இரண்டு நிலைமைகள் உண்டு.

சிஆர்டி இதுவரை சிஆர்டிஸ் ஃபோல்டரில் இருந்ததென்றால், கிளஸ்டரில் உள்ள சிஆர்டியில் ஹெல்மின் உரிமைக் குறிகள் எதுவும் இருக்காது. தனி சார்ட்டை நிறுவ முயன்றால், இது ஏற்கெனவே இருக்கிறது, என்னால் இதை ஏற்க முடியாது என்று ஹெல்ம் மறுக்கும். ‘மேனேஜ்ட் பை’ லேபிளின் மதிப்பை ஹெல்ம் என்றும், ரிலீஸின் பெயர், ரிலீஸின் நேம்ஸ்பேஸ் என்ற இரண்டு அனொட்டேஷன்களைப் புதிய ரிலீஸுக்கு உரியவையாகவும் எழுதிவிட்டால், ஹெல்ம் 3.2 முதல் அதைத் தனதாக்கிக்கொள்ளும். 3.17 பதிப்பிலிருந்து ‘டேக் ஓனர்ஷிப்’ என்ற ஃபிளாக் இதையே ஒரே அடியில் செய்கிறது.

சிஆர்டி இதுவரை பழைய சார்ட்டின் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் இருந்ததென்றால், அதை ஒரே பதிப்பில் எடுத்துவிடக் கூடாது. மேனிஃபெஸ்டிலிருந்து மறைந்ததை ஹெல்ம் கிளஸ்டரிலிருந்தும் அழிக்கும். சிஆர்டியோடு ஆப்ஜெக்டுகள் அனைத்தும் போகும். முதலில் கீப் அனொட்டேஷன் மட்டும் சேர்த்த ஒரு பதிப்பை வெளியிட்டு, அது எல்லாக் கிளஸ்டர்களுக்கும் சென்று சேர்ந்ததை உறுதிசெய்யுங்கள். அதற்கடுத்த பதிப்பில்தான் சிஆர்டியை எடுக்க வேண்டும். இடையில் உள்ள பதிப்பைத் தாண்டிக்கொண்டு நேராகக் கடைசிப் பதிப்புக்கு வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகப் புதிய பதிப்பில் ஒரு சரிபார்ப்பு வையுங்கள்: கிளஸ்டரில் உள்ள சிஆர்டியை ஹெல்மின் லுக்அப் செயல்கூறு மூலம் படித்து, கீப் அனொட்டேஷன் இல்லாவிட்டால் தெளிவான செய்தியுடன் அப்கிரேடை நிறுத்திவிடலாம். கிளஸ்டருடன் தொடர்பில்லாத ஹெல்ம் டெம்ப்ளேட் கட்டளையில் லுக்அப் வெறுமையைத்தான் தரும் என்பதால், வெறுமையைப் பிழையாக எண்ணாமல் எழுதுங்கள்.

படி 6: மேம்படுத்தும் வரிசை

பொது விதி இதுதான்: சிஆர்டி முதலில், ஆபரேட்டர் அதன் பிறகு, ஆப்ஜெக்டுகள் கடைசியில். புதிய ஸ்கீமா பழைய புலங்களை எல்லாம் வைத்துக்கொண்டு புதியவற்றைச் சேர்க்கும் வரை, பழைய ஆபரேட்டர் அதன் மீது இடைஞ்சலின்றி ஓடும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் என்ன ஆகும் என்பதை என் அரை நாள் எனக்குக் கற்றுத் தந்தது.

சிஆர்டிஸ் ஃபோல்டர் வழியில் செல்பவர்கள் இந்த முதல் அடியைக் கையால் செய்ய வேண்டும். ஹெல்மின் ‘ஷோ சிஆர்டிஸ்’ கட்டளை சார்ட்டின் குறிப்பிட்ட பதிப்பில் உள்ள சிஆர்டிக்களை அச்சிடும். அதை ஒரு கோப்பில் சேமித்து, குபெக்டல் டிஃப் கட்டளையால் கிளஸ்டருடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு மனிதர் படித்த பிறகே அப்ளை செய்யுங்கள்.

அப்ளை செய்யும்போது சர்வர்-சைட் முறையையே பயன்படுத்துங்கள். வழக்கமான அப்ளை, அனுப்பிய மேனிஃபெஸ்ட் முழுவதையும் ஓர் அனொட்டேஷனில் பிரதி எடுத்து வைக்கிறது. அனொட்டேஷன்களின் மொத்த எல்லை 262144 பைட். புரோமிதியஸ் ஆபரேட்டரின் சிஆர்டிக்களைப் போன்ற பெரிய வரையறைகள் இந்த எல்லையைத் தாண்டுவதால், அனொட்டேஷன் மிக நீளம் என்ற பிழை வரும். பிழைக்கும் சிஆர்டியின் உள்ளடக்கத்துக்கும் தொடர்பில்லை என்பது தெரியாமல் ஸ்கீமாவைத் தோண்டித் தேடியவர்கள் உண்டு. 1.22 பதிப்பில் நிலைபெற்ற சர்வர்-சைட் அப்ளை இந்தப் பிரதியை எடுப்பதில்லை. சிஆர்டியை முதலில் ஹெல்ம் உருவாக்கியிருந்தால் புல உரிமை மோதல் என்று சர்வர் மறுக்கும். என்ன மாறுகிறது என்பதை டிஃப்பில் ஏற்கெனவே பார்த்துவிட்டதால், ‘ஃபோர்ஸ் கான்ஃபிளிக்ட்ஸ்’ ஃபிளாக்கைத் தயங்காமல் சேர்க்கலாம்.

அனொட்டேஷன் பிழையிலிருந்து தப்பிக்க ரிப்ளேஸ் கட்டளையைப் பரிந்துரைப்பவர்களும் இருக்கிறார்கள். கன்வெர்ஷன் வெப்ஹூக் உள்ள சிஆர்டியில் நான் அதைத் தவிர்ப்பேன். வெப்ஹூக்கின் சான்றிதழ் மூட்டை பெரும்பாலும் சார்ட்டில் இருப்பதில்லை, செர்ட்-மேனேஜர் போன்ற கருவி கிளஸ்டருக்குள் அதை நிரப்பும். ரிப்ளேஸ் அந்த மூட்டையைத் துடைத்துவிடும். கருவி மீண்டும் நிரப்பும் வரை கன்வெர்ஷன் தோற்கும். சர்வர்-சைட் அப்ளை, நீங்கள் எழுதாத புலத்தைத் தொடாது.

அப்ளை முடிந்த பின், சிஆர்டியின் ‘எஸ்டாபிளிஷ்ட்’ நிபந்தனை உண்மையாகும் வரை குபெக்டல் வெயிட் கட்டளையால் காத்திருந்து, பிறகு ஆபரேட்டரின் சார்ட்டை அப்கிரேட் செய்யுங்கள்.

இவ்வளவையும் ‘பிரீ அப்கிரேட்’ ஹூக் ஜாப் ஒன்றுக்குள் வைத்துத் தானியக்கமாக்கலாம். அது வசதியானதுதான். ஆனால் அந்த ஜாபுக்குச் சிஆர்டிக்களை மாற்றும் கிளஸ்டர் அளவிலான அதிகாரம் தர வேண்டும். அதிகாரம் தாங்கிய சர்வீஸ் அக்கவுண்ட் ஹூக் முடிந்ததும் அழிக்கப்படும்படி நீக்க விதியை எழுத மறக்காதீர்கள்.

படி 7: பதிப்பு மாற்றம்

மிகுந்த பொறுமை வேண்டிய படி இது. ஒரு சிஆர்டியில் பல பதிப்புகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ‘சர்வ்ட்’ என்ற குறி உண்டு, ‘ஸ்டோரேஜ்’ என்ற குறி மட்டும் மிகச் சரியாக ஒன்றில்தான் இருக்க முடியும். எந்தெந்தப் பதிப்பில் ஆப்ஜெக்டுகள் இதுவரை சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சிஆர்டியின் ஸ்டேட்டஸ் பகுதியில் ‘ஸ்டோர்ட் வெர்ஷன்ஸ்’ என்ற பட்டியல் சொல்லும். அந்தப் பட்டியலில் இருக்கும் பதிப்பை வரையறையிலிருந்து எடுக்க முயன்றால் ஏபிஐ சர்வர் மறுத்துவிடும்.

வி1ஆல்ஃபா1 பதிப்பிலிருந்து வி1 பதிப்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் வெளியீட்டில் வி1 பதிப்பைச் சர்வ்ட் ஆக மட்டும் சேர்த்து, ஸ்டோரேஜ் பழையதிலேயே இருக்கட்டும். கன்வெர்ஷன் வெப்ஹூக் தேவை என்றால், அதைத் தாங்கும் புதிய ஆபரேட்டரும் இந்த வெளியீட்டிலேயே செல்லும். வெப்ஹூக் எழுந்து நிற்க ஆகும் சில நிமிடங்களில் புதிய பதிப்பைக் கேட்பவர்களுக்கு மட்டுமே பிழை வரும்; பழைய பதிப்பைக் கேட்கும் எல்லோருக்கும் சேவை தொடரும். இரண்டாவது வெளியீட்டில் ஸ்டோரேஜ் குறியை வி1 பதிப்புக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வெளியீட்டில் செய்தால், வெப்ஹூக் தயாராகாத இடைவெளியில் ஆப்ஜெக்டுகளைச் சேமிக்கவும் படிக்கவும் முடியாமல் போகும்.

ஸ்டோரேஜ் மாறியது என்பதால் பழைய ஆப்ஜெக்டுகள் தானாக மாறிவிடுவதில்லை; ஒவ்வொன்றும் மறுபடி எழுதப்பட வேண்டும். எண்ணிக்கை குறைவென்றால், எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் உள்ளவற்றை குபெக்டலால் எடுத்து அப்படியே திருப்பி எழுதினாலே போதும். எல்லாம் முடிந்த பிறகு ஸ்டேட்டஸ் துணைவளத்தைப் பேட்ச் செய்து, ஸ்டோர்ட் வெர்ஷன்ஸ் பட்டியலிலிருந்து பழைய பதிப்பை எடுங்கள், குபெக்டல் 1.24 முதல் ‘சப்ரிசோர்ஸ்’ ஃபிளாக் இதற்கு உதவும். பிறகு பழைய பதிப்பின் சர்வ்ட் குறியை நிறுத்தி, யாரும் புகார் சொல்லவில்லை என்பதைச் சில காலம் பார்த்து, அதன் பிறகே வரையறையிலிருந்து நீக்குங்கள்.

இரண்டு பதிப்புகளின் ஸ்கீமாவும் வேறுபட்டிருக்கும்போது கன்வெர்ஷனை ‘நன்’ என்று விடாதீர்கள். அந்த முறை பதிப்பின் பெயரை மட்டும் மாற்றும். மறுபக்க ஸ்கீமாவில் இல்லாத புலங்கள் கத்தரிக்கப்படும்.

ரோல்பேக் பற்றி: டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் சிஆர்டி இருந்தால் ஹெல்ம் ரோல்பேக் அதையும் பின்னால் இழுக்க முயலும். புதிய பதிப்பில் ஆப்ஜெக்டுகள் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால் சர்வர் மறுக்கும், அது நல்லதே. ஒரே பதிப்பின் ஸ்கீமா மட்டும் மாறியிருந்தால் சர்வர் ஏற்றுக்கொள்ளும், படி 1இல் சொன்ன இழப்பு தொடங்கும். ஆபரேட்டரை மட்டும் பின்னால் கொண்டுசென்று, சிஆர்டியைப் புதியதிலேயே விட்டுவைக்க முடிவது தனி சார்ட்டின் மிகப் பெரிய நன்மை.

படி 8: கிட்ஆப்ஸ் கருவிகளின் வழக்கம்

கிட்ஆப்ஸ் கருவிகள் கிட் களஞ்சியத்தில் எழுதியதைக் கிளஸ்டருக்குத் தானாகக் கொண்டுசெல்பவை. அவற்றில் ஆர்கோ சிடி என்ற கருவி, சார்ட்டை ஹெல்மின் இன்ஸ்டால் கட்டளையால் நிறுவுவதில்லை. டெம்ப்ளேட் கட்டளையால் விரித்து, சிஆர்டிஸ் ஃபோல்டரையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே விதமான மேனிஃபெஸ்டாக நடத்துகிறது. அதனால் அப்கிரேட் பிரச்சினை அங்கே இல்லை. மாறாக, ஹெல்ம் தந்த பாதுகாப்பும் இல்லை: புரூன் இயக்கத்தில் இருந்தால் சார்ட்டிலிருந்து விலகிய சிஆர்டி கிளஸ்டரிலிருந்தும் நீக்கப்படும். சிஆர்டிக்களில் ‘புரூன்’, ‘டெலீட்’ இரண்டையும் மறுக்கும் சிங்க் தேர்வுகளை அனொட்டேஷனாக எழுதுங்கள். அளவுப் பிழையைத் தவிர்க்க சர்வர்-சைட் அப்ளை தேர்வையும் இயக்குங்கள். சிஆர்டியை வேறு அப்ளிகேஷன் நிர்வகித்தால் ‘ஸ்கிப் சிஆர்டிஸ்’ இருக்கிறது.

ஃபிளக்ஸ் என்ற இன்னொரு கருவி ஹெல்மையே பயன்படுத்துகிறது. ஹெல்ம் ரிலீஸ் ஆப்ஜெக்டில் நிறுவலுக்கும் அப்கிரேடுக்கும் தனித்தனிக் கொள்கை உண்டு. இயல்பாக முதலாவது ‘கிரியேட்’, இரண்டாவது ‘ஸ்கிப்’. அப்கிரேடிலும் சிஆர்டி புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் ‘கிரியேட் ரிப்ளேஸ்’ என்று மாற்ற வேண்டும். ரிப்ளேஸ் பற்றிப் படி 6இல் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

படி 9: வெளியிடும் முன் சோதனை

புதிய கிளஸ்டரில் புதிய சார்ட்டை நிறுவிப் பார்க்கும் சோதனை, இந்தக் கட்டுரையில் சொன்ன அப்கிரேட் பிழைகளில் ஒன்றைக்கூடப் பிடிக்காது. ‘கைண்ட்’ போன்ற தற்காலிகக் கிளஸ்டரில் முந்தைய பதிப்பை முதலில் நிறுவி, எல்லாப் புலங்களும் நிரம்பிய மாதிரி ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, பிறகு உங்கள் ஆவணத்தில் பயனருக்கு எழுதியிருக்கும் அதே கட்டளைகளால் அப்கிரேட் செய்து, ஆப்ஜெக்டுகளைத் திரும்பப் படித்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இதனுடன், பழைய சிஆர்டியையும் புதியதையும் ஒப்பிட்டு, ஒரு புலம் மறைந்திருக்கிறதா, விருப்பமாக இருந்தது கட்டாயமாகிவிட்டதா, புலத்தின் வகை மாறியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்க்கும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்தால், ஆபத்தான மாற்றங்களில் பெரும்பாலானவை மெர்ஜ் ஆகும் முன்பே தெரிந்துவிடும்.

படி 10: நீக்கும் வரிசை

நீக்குவது நிறுவியதற்கு நேர் எதிரான வரிசையில் நடக்க வேண்டும்: முதலில் ஆப்ஜெக்டுகள், பிறகு ஆபரேட்டர், கடைசியில் சிஆர்டி. பல ஆபரேட்டர்கள் தங்கள் ஆப்ஜெக்டுகளில் ஃபைனலைசர் ஒன்றை, அதாவது துப்புரவு முடியும் வரை நீக்கத்தைத் தடுத்து வைக்கும் குறியை, எழுதி வைக்கின்றன. வெளியே உள்ள சேமிப்பகத்தையோ டிஎன்எஸ் பதிவையோ துப்புரவு செய்த பிறகு அவையே அதை எடுக்கும். ஆபரேட்டரை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் ஃபைனலைசரை எடுக்க ஆளில்லை. ஆப்ஜெக்டுகள் ‘டெர்மினேட்டிங்’ நிலையில் தேங்கும். சிஆர்டியை நீக்கினாலும் அதற்கென உள்ள துப்புரவு ஃபைனலைசர் ஆப்ஜெக்டுகள் தீரும் வரை காத்திருப்பதால், சிஆர்டியும் அதே நிலையில் தேங்கும். அந்த ஆப்ஜெக்டுகள் இருக்கும் நேம்ஸ்பேஸ்களையும் அழிக்க முடியாது.

அப்படித் தேங்கிவிட்டால், ஃபைனலைசரைப் பேட்ச் மூலம் வெட்டி எறிவதுதான் இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில். அதற்கு முன் ஆபரேட்டரை அதே பதிப்பில் மீண்டும் நிறுவிப் பாருங்கள். சிஆர்டி முழுதாக அழியாத வரை, பெரும்பாலும் அது எழுந்ததும் தன் வேலையை முடித்துக்கொள்ளும். மீண்டும் நிறுவவே முடியாத நிலையில், அந்த ஆப்ஜெக்ட் வெளியே எதை உருவாக்கியிருந்தது என்று பட்டியலிட்டு, அவற்றைக் கையால் நீக்கிய பிறகு மட்டும் ஃபைனலைசரைத் தொடுங்கள்.

சார்ட்டின் நோட்ஸ் கோப்பில் இந்த வரிசையைக் கட்டளைகளுடன் எழுதி வைப்பது பயனருக்குப் பேருதவி. அன்இன்ஸ்டால் முடிந்தும் சிஆர்டிக்கள் கிளஸ்டரில் இருக்கும் என்பதையும், அவை எவை என்ற முழுப் பெயர்ப் பட்டியலையும் அங்கேயே தாருங்கள். கடைசி அடியாகச் சிஆர்டியை நீக்கும் முன், எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் அந்த வகை ஆப்ஜெக்டுகளைப் பட்டியலிட்டு, பட்டியல் வெறுமையாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறுமையாக வந்தால் நீக்கலாம். ஒரே ஒரு வரி வந்தாலும், அந்த ஆப்ஜெக்டை வைத்திருக்கும் குழுவிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.